ஐந்தாம் மாடிக் கயிறு

அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கயிற்றைத்தான் இழுப்பார்.

ரங்கூன் என்று நாம் சொல்லும் யாங்கோனின் அடுக்குமாடி வீடுகளைப் பார்த்திராதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். அங்கே பழைய கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. அதனால் ஒவ்வொரு வீட்டு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெரு வரைக்கும் தொங்கும். கீழ் நுனியில் ஒரு கிளிப், மேல் நுனியில் ஒரு மணி. பேப்பர்காரரோ காய்க்காரரோ கிளிப்பில் பையை மாட்டிக் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். வீட்டுக்காரர் வந்து, கேட்டுவிட்டது என்பதற்கு அடையாளமாக மேலிருந்து ஒரு முறை பதிலுக்கு இழுத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொள்வார். பதில் இழுப்பு இல்லாமல் பையைத் தூக்குவது மரியாதைக் குறைவு. இப்போது திருப்பூரில் எங்கள் வீட்டு காலிங் பெல் பறவை மாதிரி கூவுகிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துருப்பிடித்த மணிகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

யாங்கோனின் தின்கன்ஜூன் பகுதியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் தரைத்தளத்தில் அந்த அக்கா இருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தனி ஆள். கன்னம் இரண்டிலும் வட்டமாகத் தனகா என்ற மரப்பட்டைச் சாந்தைப் பூசியிருப்பார். காலையில் கட்டட வாசலில் உட்கார்ந்து வேகவைத்த பட்டாணி விற்பார். எட்டு மணிக்கெல்லாம் பாத்திரம் காலியாகிவிடும். அதற்குப் பிறகு நாள் முழுக்கக் கட்டடம்தான் அவருக்கு வேலை. யார் வீட்டுக்கு என்ன வந்தாலும் அவர் கை வழியாகத்தான் மேலே போகும். கொடியிலிருந்து விழுந்த துண்டு, மின்சார பில், யாரோ மறந்துவிட்டுப் போன குடை, எல்லாம் சரியான கயிற்றில் மாட்டப்பட்டுச் சரியான வீட்டுக்குப் போய்ச் சேரும். யாரும் அவரை இந்த வேலைக்கு வைக்கவில்லை.

அவரிடம் ஒரு விதி இருந்தது. மூன்று முறை இழுப்பார். மூன்றுக்கும் பதில் வரவில்லை என்றால் படி ஏறிவிடுவார். வலது முட்டியில் தீராத வலி. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று ஏறுவார். ஆனால் ஏறாமல் இருக்க மாட்டார். வீட்டில் ஆள் தூங்கிக்கொண்டிருக்கலாம், குளித்துக்கொண்டிருக்கலாம், பதில் சொல்லச் சோம்பேறித்தனமாகக்கூட இருக்கலாம். அதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. கதவைத் தட்டி முகத்தைப் பார்த்தால்தான் கீழே இறங்குவார்.

மூன்றாம் மாடியில் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தனியாக இருந்தார். காது சுத்தமாகக் கேட்காது. அவருக்கு மணியால் என்ன பயன்? அதனால் அக்கா அவர் கயிற்றின் மேல் நுனியில் மணிக்குப் பதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, அதை அவருடைய சாய்வு நாற்காலிக்கு நேர் எதிரே ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருந்தார். கயிற்றை இழுத்தால் துணி ஆடும். ஒரு நாள் துணி மூன்று முறை ஆடியும் பதில் வரவில்லை. அக்கா ஏறிப் போய்ப் பார்த்தால் மனிதர் குளியலறையில் இடுப்பு முறிந்து கிடந்தாராம். ஆட்களைக் கூப்பிட்டு நாற்காலியோடு கீழே இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். பெரியவர் இந்தக் கதையைப் புதிதாக வந்த எல்லோருக்கும் சொல்வார். பர்மிய மொழி தெரியாத எனக்குக்கூடப் புரிந்தது. மூன்று விரலைக் காட்டுவார், பிறகு இரண்டு விரலைத் தன் கை மேலேயே நடக்கவிட்டு முழங்கை வரைக்கும் ஏற்றுவார்.

இப்படிப்பட்ட மனுஷியைப் பற்றி முதல் மூன்று மாதம் நான் என்ன நினைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்த் திருடி என்று நினைத்திருந்தேன்.

நாங்கள் அங்கே போனது செப்டம்பரில், நல்ல மழையில். என் கணவருக்கு தன்லியினில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. காலை ஆறு மணிக்குக் கம்பெனி வண்டியில் பாலத்தைத் தாண்டிப் போனால் இரவு எட்டுக்குத்தான் திரும்புவார். திருப்பூரில் பார்த்த அதே வேலை, அதே நூல் தூசு. ஒன்பது வயது மகள் இனியாவை ஆங்கிலத்தில் நடக்கும் ஒரு பள்ளியில் சேர்த்தோம். ஐந்தாம் மாடி வீடு. குடிபோன அன்று பால்கனியைக் கழுவும்போது, கரிப்பிடித்த ஒரு கயிறு, அதன் முனையில் துருப்பிடித்த ஒரு மணி. பழைய ஆட்கள் விட்டுப் போன குப்பை என்று கத்தரிக்கோலை எடுத்து வெட்டி எறிந்தேன். வீட்டைச் சுத்தமாக்கிவிட்ட திருப்தி வேறு. மற்ற பால்கனிகளில் தொங்கிய கயிறுகள் காய்கறி தூக்க மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

அன்றிலிருந்து எங்களுக்குத் தண்ணீர்ப் பஞ்சம். மின்சாரம் ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான் வரும், எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது. வந்தவுடன் தெருப் பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் "மீ லாபீ!" என்று கத்துவார்கள். மின்சாரம் வந்துவிட்டது என்று அர்த்தம். கட்டடத்துக்கெல்லாம் பொதுவாகக் கீழே ஒரு பம்பு, அந்த அக்கா வீட்டு வாசலில். நான் ஓடிப் போய்க் குழாயைத் திறப்பேன். காற்றுதான் வரும். அலுத்துப்போய் மூடிவிடுவேன். கூலி ஆள் வைத்துக் குடம் குடமாகத் தண்ணீர் தூக்கி ஊற்றினோம். நானும் கணவரும் படியில் இறங்கும்போது, அந்த அக்கா வாசலிலேயே நின்று, சத்தமாகத் தமிழில் திட்டியிருக்கிறேன். இந்தப் பொம்பளை எல்லாத் தண்ணியையும் தானே பிடிச்சு வெச்சுக்கிறா, வேத்து ஊர்க்காரங்கன்னா இளக்காரம் என்று. அவர் பட்டாணி அளந்துகொண்டே என்னைப் பார்த்துச் சிரிப்பார். பர்மாக்காரி, புரியாது என்று நானும் பதிலுக்குச் சிரித்துவைப்பேன்.

அந்த மூன்று மாதமும் கட்டடத்தில் எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. படியில் பார்த்தால் ஒதுங்கி வழிவிடுவார்கள், அவ்வளவுதான். இனியா பள்ளி விட்டு வந்தால் வாயே திறக்க மாட்டாள். நவம்பர் முடிவதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஜனவரி முதல் வாரத்தில் நானும் இனியாவும் ஊருக்குத் திரும்பிவிடுவது, கணவர் மட்டும் இங்கே தனியாக இருந்து ஒப்பந்தத்தை முடித்துவிட்டு வருவது. டிசம்பர் லீவிலேயே போயிருப்போம், விசா நீட்டிப்புக்காகப் பாஸ்போர்ட்கள் கம்பெனி ஆபீசில் மாட்டிக்கொண்டிருந்தன. அவர் எதிர்த்துப் பேசவில்லை. சரி என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனார். ஒரு குடும்பத்தை நடுவில் வெட்டுகிறோம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இனியா காலண்டரில் ஜனவரியில் ஒரு நாளைச் சுற்றி வட்டம் போட்டு, தினமும் ஒரு நாளை அடித்துக்கொண்டே வந்தாள்.

டிசம்பர் நடுவில் அவள் பள்ளிக்குக் குளிர்கால விடுமுறை விட்டார்கள். மூன்று வாரம். கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் அவரவர் நாட்டுக்குப் பறந்துவிட்டன. கட்டடத்துப் பிள்ளைகளுக்கோ பள்ளிக்கூடம் உண்டு. பர்மாப் பள்ளிகளில் பெரிய லீவு கோடையில்தான், தண்ணீர்த் திருவிழா சமயத்தில். ஆக அந்தப் பெரிய கட்டடத்தில் பகலில் வீட்டில் இருந்த ஒரே குழந்தை என் மகள்தான். அழைத்துப் போக வரும் வேன் வரவில்லை, அவள் கீழேயும் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அந்த அக்கா. மூச்சு வாங்குகிறது, நெற்றியில் வியர்வை, கையில் தூக்குப் போசி. நான் ஆங்கிலத்தில் ஏதோ ஆரம்பித்தேன்.

"புள்ளைக்கு எத்தன நாளா காய்ச்ச, தங்கச்சி?" என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. மூன்று மாதம் அவர் காதுபட நான் பேசிய அத்தனையும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. அப்பா வழி தமிழர், தாத்தா துறைமுகத்தில் கூலியாக வந்தவர், அம்மா பர்மாக்காரர் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. காய்ச்சல் இல்லை, லீவு என்றேன். டிசம்பரில் என்ன லீவு என்று அவர் நம்பவில்லை. உள்ளே வந்து இனியாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தார். கொண்டுவந்த கஞ்சியை வீணாக்க வேண்டாம் என்று அவளையே குடிக்கச் சொன்னார். அவளும் குடித்தாள். அதுவே எனக்கு ஆச்சரியம்.

அப்புறம்தான் கயிற்றைப் பற்றிக் கேட்டார். வெட்டிப் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவர் சொல்லித்தான் எனக்கு விஷயம் புரிந்தது. யாரும் கூப்பிடக் கூடாது என்று நாங்கள்தான் கயிற்றை எடுத்துவிட்டோம் என்று கட்டடமே நினைத்திருக்கிறது. அந்த ஊரில் அதற்கு ஆனாடே என்பார்கள். அடுத்தவருக்குச் சங்கடம் கொடுத்துவிடக் கூடாது என்ற கூச்சம். ஏன் என்று கேட்பதே சங்கடம் என்று எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டிருக்கிறார்கள். நான் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

தண்ணீர் விஷயமும் அப்போதுதான் விளங்கியது. எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் திறந்தால் மேல் மாடிக்கு ஏறாது. அதனால் வீட்டுக்குப் பத்து நிமிடம் முறை. முறை வந்ததும் அக்கா அந்த வீட்டுக் கயிற்றை இழுப்பார், அவர்கள் குழாயைத் திறந்துகொள்வார்கள். நாங்கள் திறந்து வைத்தது எல்லாம் அடுத்தவர் முறையில்.

"அப்ப எங்க மொறைய யாருக்குங்க்கா குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"யாருக்கும் குடுக்கல. உங்க மொறைன்னா உங்க மொறை. பத்து நிமிசமும் பம்பு ஓடும். நீங்க தொறந்தீங்களா இல்லியான்னு எனக்கு எப்புடித் தெரியும்?" என்றார்.

மின்சாரம் எந்த நிமிடமும் போய்விடக்கூடிய ஊரில், கீழ் வீட்டுக்காரர்கள் முணுமுணுக்க முணுமுணுக்க, மூன்று மாதமாக எங்களுக்காக அந்தப் பம்பு சும்மா உறுமிக்கொண்டு நின்றிருக்கிறது. நான் அவர் வாசலில் நின்று அவரைத் திருடி என்று சொல்லியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "யாடே, யாடே" என்று கையை ஆட்டிவிட்டார். பரவாயில்லை என்பதற்கு அவர் எப்போதும் சொல்வது அதுதான்.

மறுநாள் புது நைலான் கயிறும் ஒரு மணியும் கொண்டுவந்தார். ஆனால் அவர் கட்டவில்லை. வீட்டுக்காரர்கள்தான் கட்ட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். இனியா கட்டினாள். அன்று மாலை தெருவில் "மீ லாபீ" சத்தம் கேட்டுக் கொஞ்ச நேரத்தில் எங்கள் மணி அடித்தது. இனியா ஓடிப் போய்ப் பதிலுக்கு இழுத்தாள், நான் குழாயைத் திறந்தேன், டிரம் நிறைந்து வழிந்தது. என் கணவர் அன்றைக்கு அரை மணி நேரம் குளித்தார். உள்ளே அவர் பாடுவது கேட்டது. அவர் பாடுவார் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

விடுமுறை முழுக்க அந்த மணி அடித்துக்கொண்டே இருந்தது. பட்டாணி வரும், தேங்காய்ச் சில்லு வரும், ஒரு நாள் ஒரு பூனைக்குட்டி பையில் வந்தது, நான் அதைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். பதில் இழுப்பு எப்போதும் இனியாதான். நான் அந்தக் கயிற்றைத் தொட்டதே இல்லை. போகப் போகிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்ற எண்ணம். சில நாள் எரிச்சலாகவும் இருக்கும். பகலில் பத்து நிமிடம் கண் அசரலாம் என்று படுத்தால் மணி. இனியா குளித்துக்கொண்டிருந்தால் மூன்று முறை மணி அடிக்கும், அதற்குப் பிறகு படியில் காலடிச் சத்தம். இந்த மனுஷியிடம் ஒளிந்துகொள்ளவே முடியாதா என்று இருக்கும்.

கிறிஸ்துமஸ் அன்று கணவருக்கு லீவு. அக்காவும் வர, நான்கு பேருமாக பஸ்ஸில் கியாக்தான் போனோம். ஆற்றுக்கு நடுவில் ஒரு பகோடா, படகில் போக வேண்டும். இனியா மீன்களுக்குப் பொரி போட்டாள். திரும்பும்போது படகு நிறைந்துவிட்டது, படகுக்காரர் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அக்கா படகில் இருந்தவர்களை எண்ணினார். போகும்போது கூட வந்த ஒரு கிராமத்து அம்மாளைக் காணவில்லை. எங்களுக்கு அவர் யார் என்றே தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. அக்கா ஒரு காலைப் படகிலும் ஒரு காலைப் படித்துறையிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். படகுக்காரர் கத்துகிறார், ஜனங்கள் உச்சுக் கொட்டுகிறார்கள், அக்கா காலை எடுக்கவில்லை. கால் மணி நேரம் கழித்து அந்த அம்மாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். இதற்குள் அந்தப் பக்கம் எங்கள் பஸ் போய்விட்டது. வெயிலில் ஒரு மணி நேரம் நின்றோம். எனக்குக் கோபமான கோபம். இனியாதான் அப்பாவிடம், "அந்தப் பாட்டியம்மா வராட்டி அக்கா அங்கயே இருந்திருப்பாங்களாப்பா?" என்று கேட்டாள். இருந்திருப்பாங்க சாமி என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

காலண்டரில் நாள் அடிப்பதை அவள் எப்போது நிறுத்தினாள் என்று நான் கவனிக்கவில்லை. பாஸ்போர்ட்கள் வந்துவிட்டன, டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஒரு முடிவு எடுத்துவிட்டால் அதை மாற்றுவது எனக்குத் தோற்றுப்போவது மாதிரி. அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, ஊருக்குப் போய் போன் செய்து சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் இனியா கயிற்றையும் மணியையும் அவிழ்த்துத் தன் பெட்டிக்குள் சுருட்டி வைத்தாள். நான் தடுக்கவில்லை. கயிறு இல்லையென்றால் அவர் கூப்பிட மாட்டார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் விட்டேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு டாக்ஸி. கணவர் வழக்கம்போல ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விட்டார், விமான நிலையத்துக்கு நேராக வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். ஒன்பதரைக்கு மின்சாரம் வந்தது. பத்து மணிக்குப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டு கால், ஒரு நிறுத்தம். இரண்டு கால், ஒரு நிறுத்தம். இனியா என் முகத்தைப் பார்த்தாள். நான் கதவைத் திறந்துவைத்துவிட்டு நின்றேன்.

"போன தடவ கயித்தக் காணோம்னதும் பேசாம இருந்துட்டேன். மூணு மாசம் போயிருச்சு. இந்தத் தடவ ஒடனே ஏறி வந்துட்டேன்" என்றார், நிலையைப் பிடித்துக்கொண்டு.

பிறகுதான் பெட்டிகளைப் பார்த்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தால் நான் ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருப்பேன். உட்கார்ந்து, இனியா கொடுத்த தண்ணீரைக் குடித்தார்.

"தம்பியும் வருதா?"

"இல்லீங்க்கா. அவரு இங்கதான் இருப்பாரு."

"அப்ப சாவிய ஒண்ணு குடுத்துட்டுப் போ, தங்கச்சி. பகல்ல மொறை வந்தா வீட்டுல ஆளிருக்காது. தம்பி ராத்திரி வந்து குளிக்கணுமில்ல. நான் ஏறி வந்து கொழாயத் தொறந்து வெக்கிறேன்."

"அஞ்சு மாடிங்க்கா. ஒரு நாளைக்கு ரெண்டு தடவ மொறை வருது."

"யாடே" என்று, அந்த ஊர் வழக்கப்படி இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு, சாவிக்காக வலது கையை நீட்டினார்.

நான் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன். திருப்பூரில் இனியாவுக்குப் பள்ளியில் இடம், பெட்டி எடை, கணவருக்கு மூன்று மாதத்துக்கு ஊறுகாய், பருப்புப்பொடி. பதினான்கு மணி நேரம் நூல் தூசில் நின்றுவிட்டு வருகிற மனிதனுக்கு இரவில் தண்ணீர் யார் திறந்து வைப்பார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. முட்டி வலிக்காரர் ஒருவர், எங்களுக்கு எந்த உறவும் இல்லாதவர், யோசித்துவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. சாவி என் கையில்தான் இருந்தது, அவர் நீட்டிய கையும் அப்படியே இருந்தது. என்னால் வைக்க முடியவில்லை.

"இனியா, அந்தக் கயித்த எடு சாமி" என்றேன்.

நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் பெட்டியைத் திறந்துவிட்டாள். துணியெல்லாம் தரையில். அக்கா இப்போதும் கட்டுவதற்குக் கை கொடுக்கவில்லை, முடிச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கப் போனார். நான் டாக்ஸிக்காரருக்கு போன் செய்து வர வேண்டாம் என்றேன். கணவருக்கு போன் செய்து நாங்கள் போகவில்லை என்றேன். அவர் மறுமுனையில் என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார், பின்னால் தையல் மெஷின்களின் சத்தம்.

அக்கா கீழே போய்ச் சேர வெகுநேரம் ஆயிற்று. பால்கனியில் நாங்கள் இருவரும் காத்துக்கொண்டு நின்றோம். மணி அடித்தது. இனியா கையை நீட்டினாள். நான் அவளை நகர்த்திவிட்டுக் கயிற்றைப் பிடித்து, பதிலுக்கு ஒரு முறை இழுத்தேன். கீழே பம்பு ஓடும் சத்தம் கேட்டது. உள்ளே போய்க் குழாயைத் திறந்தேன்.